வெண்கலம் வேறு, நான் வேறு

கரமனை, திருவனந்தபுரம்
செவ்வாய்க்கிழமை

பெரியப்பா பிள்ளை சாம்பசிவன் அண்ணாவுக்கு ஹரிநாராயணன் அநேக நமஸ்காரம். இவ்விடம் எல்லாரும் சௌக்கியம். முக்கியமாக நான் சௌக்கியம். இந்த வரியை மன்னிக்கு உரக்கப் படித்துக் காட்டவும்.

நான் போய்விட்டதாக நீங்கள் ஸ்நானம் செய்து, திருநெல்வேலியில் பத்து நாள் தீட்டுக் காப்பதாகக் கேள்வி. பாசத்துக்கு நன்றி, ஆனால் நான் சாகவில்லை. போனில் சொல்லலாமென்றால், என் குரலைக் கேட்டதும் மன்னி வீலென்று கத்தி வைத்துவிட்டாள். மீராவை விட்டுப் பேசச் சொன்னேன். "பெரிம்மா, அப்பா இங்கதான் இருக்கா" என்றாள். "ஆமாண்டி கண்ணே, எப்பவும் உன்கூடவேதான் இருப்பான்" என்று மன்னி அழுதாளாம். அதனால்தான் கடிதம்.

நடந்தது இதுதான். தம்பானூர்ப் பக்கம் நாற்சந்தியில் வைக்க, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் மனிதன் ஒருவனை வெண்கலத்தில் செய்துகொண்டிருந்தார் சிற்பி சிபி. பொன்முடி பஸ்ஸுக்காக நான் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "சாரே, இந்த இருப்பு வேற யார்க்கும் வராது" என்றார். புகழ்ச்சிக்கு மயங்காதவனா நான்? பதினோரு நாள் அவர் பட்டறையில் தொப்பையோடு உட்கார்ந்தேன். பீடத்தில் என் பெயரைப் பொறிக்கச் சொல்லி நச்சரித்ததும் நானேதான், எந்த வேளையோ! திறப்பு விழாவுக்குக் கண்ணாடியை மறந்து போனேன். ஆனாலும் தொப்பையைப் பார்த்ததும் நெஞ்சு நிறைந்தது. சீதாலக்ஷ்மி மட்டும், "நம்மாத்து மூக்குதான், ஆனா உங்களோடது இல்லையே" என்றாள். அகமுடையாள் எப்போது ஒப்புக்கொண்டிருக்கிறாள்?

மறுநாள் ஏதோ ஒரு கட்சியினர் பீடத்தில் பெயரைப் படித்துவிட்டு, யாரோ தியாகி என்று மலர்வளையம் வைத்தார்கள். எதிர்க்கட்சி விடுமா? அதைவிடப் பெரிதாக ஒன்று. ஆட்டோ ஜினு என்னைப் பார்த்துக் கோபித்துக்கொண்டான்: "மரிச்சவங்களுக்கல்லே சாரே பிரதிம வெக்கிறது? நிங்க எதுக்கா இங்க நடக்குறீங்க?" மலர்வளையங்கள் முகத்தை மறைக்க, பீடத்தில் என் பெயர் மட்டும் தெரியும்படி யாரோ எடுத்த சிலையின் படம்தான் குடும்ப வாட்ஸாப் குரூப்பில் உங்களுக்கு வந்தது. துக்கத்தோடு துக்கமாக என்னை அதிலிருந்து நீக்கியும் விட்டார்கள்.

ஞாயிறன்று மீராவுக்கு நிச்சயதார்த்தம். தட்டு மாற்ற, குடும்பத்துக்கு மூத்தவர் நீங்கள் வந்தாக வேண்டும் என்று பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். உங்களுக்குத் தீட்டென்றால் நாள் தள்ளிப்போகும். அதற்குள் பையன் துபாய்க்குத் திரும்பிவிடுவான். ஆகவே, தயவுசெய்து நான் இருப்பதை ஒப்புக்கொண்டு, சனிக்கிழமை ரயிலேறவும்.

மன்னிக்கு நமஸ்காரம். குழந்தைகளுக்கு, உயிரோடு இருக்கும் சித்தப்பாவின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்
ஹரிநாராயணன்

பி.கு.: தபாலில் போடப் போகும் வழியில், கண்ணாடி போட்டுக்கொண்டு சிலையைப் பார்த்தேன். அண்ணா, முகம் உங்களுடையது! சிபியைப் பிடித்துக் கேட்டால், "சாரோட தொப்ப ஒண்ணாந்தரம். முகம்தான் சரியாவல்ல. போன்ல அண்ணன்னு ஒரு போட்டோ காட்டினீங்கல்லே, அதுலேர்ந்து எடுத்துட்டேன்" என்கிறார். ஆக, இரண்டு கட்சியும் அஞ்சலி செலுத்தியது உங்கள் முகத்துக்கு. நீங்கள் ஸ்நானம் செய்தது உங்களுக்கே. வாத்தியாரைக் கேட்டேன், பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எதுக்கும் நீரும் ஒரு முழுக்குப் போட்டுடும்" என்றார். போட்டுவிட்டேன். நீங்கள் இருப்பதாக உங்கள் கைப்பட ஒரு வரி வரும்வரை நிச்சயதார்த்தத்துக்கு முறுக்குச் சுற்ற மாட்டேன் என்கிறாள் சீதாலக்ஷ்மி.