வந்தது, அனுப்பினேன்

வாசகரே, மனிதரில் ஓர் இனம் உண்டு. 'வந்ததை அனுப்புகிறவர்' என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். எந்தக் குடும்பத்திலும் ஒருவராவது தேறுவார்.

காலையில் கண் விழித்ததும் இவர் கை போனைத் தேடும். மூக்குக் கண்ணாடியைத் தேடாது. கண்ணாடி படிக்கிறவருக்கல்லவா வேண்டும்? பல் துலக்குவதற்கு முன்பே ஒரு மந்திரியைப் பதவியிலிருந்து இறக்கிவிடுவார், காபி ஆறுவதற்குள் வழுக்கையில் முடி வளர்க்கும் எண்ணெயை நாற்பது பேர் தலையில் கட்டிவிடுவார், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போகிற வழியில் அடுத்த தேர்தலின் முடிவையும் அறிவித்துவிடுவார். சம்பளமா? சல்லிக்காசு கிடையாது. இவர் புண்ணியத்தில் கட்சிக்காரருக்கு மேடைச் செலவு மிச்சம், கம்பெனிக்காரருக்கு விளம்பரச் செலவு மிச்சம், செய்தியாளருக்கு மட்டும் வேலையே மிச்சமில்லை.

எனக்குத் தெரிந்த ஒருவர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். ஒரு தாளை மூன்று முறை சரிபார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் காலை, மாவுப் பாத்திரத்தில் எலி நீந்தும் வீடியோ ஒன்றை, 'நம்ம ஏரியா பேக்கரி, உஷார்!' என்ற வாசகத்தோடு வந்தபடியே ஒன்பது குழுக்களுக்குத் தள்ளிவிட்டார்.

அந்த ஏரியாவில் இருப்பது ஒரே பேக்கரி. நடத்துவது அவருடைய கூடப்பிறந்த தங்கை!

மத்தியானம் அவள் மாவு படிந்த கையோடு ஓடிவந்தாள்.

"அண்ணா, அந்த வீடியோவ நீதான் அனுப்பினியாமே?"

"நான் எங்கம்மா அனுப்பினேன்? வந்துச்சு. தள்ளிவிட்டேன்."

"என் கடையை விட்டா இங்க வேற பேக்கரி ஏது?"

"உன் கடைன்னு நான் சொன்னேனா? அது பொய்னு எனக்குத் தெரியாதா? இதோ பாரு, உன் பன்னைத்தான் தின்னுக்கிட்டிருக்கேன்!"

உண்மைதான். வாயில் பன் இருந்தது.

"அப்ப அதையே குழுவுல ஒரு வரி போடு. காலையில சுட்டதெல்லாம் தட்டு தட்டா அப்படியே கிடக்கு. ஒரு ஆள் எட்டிப் பாக்கல. இப்படியே போனா அடுப்பை அணைச்சுட்டு வீட்டுல உக்கார வேண்டியதுதான்."

அவள் கண்கள் குளமாயின. கல்லும் கரைந்திருக்கும். அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அவசரப்படாதம்மா. அந்த வீடியோ எங்க எடுத்தது, யார் எடுத்ததுன்னு நல்லா விசாரிக்கணும். விசாரிக்காம எதையும் குழுவுல போடக்கூடாது. எனக்குன்னு ஒரு பொறுப்பு இருக்கில்ல?"

விசாரணை பத்து நாள் நடந்தது. பதினோராம் நாள் காலை பன் வாங்கப் போனவர், கடையின் ஷட்டர் இறங்கியிருப்பதைக் கண்டார். பதறினாரா? பதறினார், பாவம். பதற்றத்தில் ஒரு படம் எடுத்து ஒன்பது குழுக்களுக்கும் அனுப்பினார்: 'நம்ம ஏரியா பேக்கரிக்குப் பூட்டு! அப்பவே எச்சரித்தோம்.'

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள், நீங்கள் யாருக்கும் எதையும் அனுப்புகிறவர் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தங்கையின் கடையை மூடியது அனுப்பிய ஒருவர் மட்டுமா? வாசல் வரை வந்து, ஒன்றும் கேட்காமல், பார்வையைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர்? சரி, போன மாதம்வரை நீங்கள் தவறாமல் நுழைந்த கடை ஒன்றை இப்போது தாண்டிப் போகிறீர்களே, ஏன்?