மொட்டைமாடி ஸ்விம்மிங் பூலும் ஓனர் தலை ஜிகினாவும்

சனிக்கிழமை வேலை ஒண்ணே ஒண்ணுதான். மொட்டைமாடியில இருக்குற ஸ்விம்மிங் பூலை மழைக்கு முன்னாடி எடுத்து வைக்கணும்.

ஸ்விம்மிங் பூல்னதும் பெருசா நினைக்காதீங்க. காத்தடிச்சு நிறுத்துற பிளாஸ்டிக் தொட்டி. வெயில் தாங்காம ஏப்ரல்ல பொண்ணுக்காக வாங்கினது. அவளைவிட நான்தான் அதுல அதிகமா கிடந்தேன்.

மேனாம்பேட்டுல வாடகை வீடு. கீழ ஹவுஸ் ஓனர், மேல நாங்க. பூல் வந்த அன்னைக்கே ஓனர் சொல்லிட்டாரு.

"கொழந்த ஆசப்படுது, வெச்சுக்க தம்பி. ஆனா அந்தத் தண்ணி ஒரு சொட்டு என் ஊட்டுப் பக்கம் வந்துச்சு, வேற ஊடு பாத்துக்க."

பொண்ணு ஸ்கூல் அடுத்த தெருவுல. இந்த வீட்டை விட முடியாது. அதனால பயபக்தியோட ஆரம்பிச்சேன்.

மக்கால மொண்டு மொண்டு ஊத்தினேன். அம்பது மக் ஆச்சு. தண்ணி குறையல, இடுப்புதான் போச்சு.

துணி காயப்போட வந்த மனைவி கொஞ்ச நேரம் நின்னு வேடிக்கை பாத்தா.

"ஏங்க, அடியில ஒரு மூடி இருக்கே, அதைப் பிடுங்கலாம்ல?"

இதை அம்பது மக்குக்கு முன்னாடி சொல்லக் கூடாதா!

பிடுங்கினேன். பாசி பிடிச்ச பச்சைத் தண்ணி, பொண்ணு பிறந்தநாளுக்கு அவ ஃப்ரெண்ட்ஸ் கொட்டின ஜிகினாவோட, மழைத்தண்ணி பைப்புல கடகடன்னு இறங்குச்சு. கீழ ஒரு சொட்டு தெறிக்கல. எனக்கே என்மேல மரியாதை வந்துடுச்சு.

கொஞ்ச நேரம் கழிச்சு, தொட்டியைக் கழுவலாம்னு மாடிக் குழாயைத் திறந்தேன்.

பச்சையா வந்துச்சு. அதுல ஜிகினா மினுக்குது!

"தம்பீ!"

ஓனர் படியேறி வந்தாரு. இடுப்புல துண்டு. வழுக்கையிலேர்ந்து தொப்பை வரைக்கும் ஜிகினா. வெயில்ல கண்ணு கூசுது.

"நேத்து உன்னாண்ட இன்னா சொன்னேன்? மழத்தண்ணி புடிக்க மாடி பைப்ப தரைக்கடியில கீற சம்ப்புத் தொட்டிக்குத் திருப்பிகீறேன், மேல ஒண்ணியும் ஊத்தாதன்னேன். தலைய ஆட்டினியேப்பா!"

ஆட்டினேன்தான். காதுல ஆபீஸ் மீட்டிங் ஓடிட்டிருந்துச்சு. அது மேனேஜருக்கு ஆட்டின தலை.

"மோட்டார் போட்டு, டேங்க் ரொப்பிக் குளிச்சேன்பா! பையனுக்குப் பொண்ணு பாக்க பூந்தமல்லி போவணும்!"

எங்க வீட்டுக் குடிதண்ணி கேன் ரெண்டையும் தூக்கிட்டு ஓடினேன். அவர் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேச்சாரு. வழுக்கை இன்னும் ஜொலிச்சுது. அப்படியே குடும்பத்தோட கிளம்பிட்டாரு.

சாயங்காலம் படியில உக்காந்து, எந்தப் பக்கம் வீடு தேடுறதுன்னு யோசிச்சிட்டிருந்தேன். ஓனர் வந்து இறங்கினாரு.

"சார், என்ன ஆச்சு?"

"பொண்ணு ஊட்ல சரின்ட்டாங்க. ஆனா அத்தினி பேரும் மாப்ளைய வுட்டுட்டு என்னியே பாத்துகினு இருந்தாங்க."

"சார்... வீடு?"

"ஊட்ட காலி பண்ண வேணாம். சம்ப்ப காலி பண்ணு."

இப்ப சம்ப்புக்குள்ள நிக்கிறேன். அதுக்கு அடியில மூடி கிடையாது. கையில அதே மக்.