ஏட்டையா பங்கு வாங்கப் போகிறார்

பங்குச்சந்தை திறந்த அதே நிமிடத்தில் தனுஷ்கோடியின் லேப்டாப் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ள ஆரம்பித்தது. திரையில் ஒரு வட்டம் சுற்றியது. ‘அணைத்துவிடாதீர்கள்’ என்று கீழே எழுதியிருந்தது. தனுஷ்கோடி அணைக்கவில்லை. போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர்; உத்தரவு என்றால் கட்டுப்பட்டுவிடுவார்.

வாழ்க்கையின் முதல் பங்கை வாங்குவதற்காக அன்று குளித்து, விபூதி பூசி, ராஜபாளையம் வீட்டின் முன்னறையில் கிழக்குப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வட்டம் நின்றபோது அவர் குறிவைத்திருந்த பங்கு ஏறிப்போயிருந்தது. தான் வாங்காததால்தான் அது ஏறியதோ என்றும் அவருக்குத் தோன்றியது. தன்னுடைய ராசியைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது.

"மகன் விட்டுட்டுப் போன லேப்டாப்பு. அதுவும் என்னைய மாதிரி ரிட்டயர்டு கேஸு" என்று மனைவி வெங்கடேஸ்வரியிடம் சொல்லிவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினார்.

அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஆல்வின் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். சந்தை நேரத்தில் அப்டேட் வந்த கதையை ஏட்டையா சொல்லச் சொல்ல அவன் கண்ணை மூடிக்கொண்டான். நெருங்கிய உறவினர் தவறிய செய்தி கேட்டவனைப்போல உதட்டைக் கடித்தான். தன் கஷ்டத்தை இவ்வளவு ஆழமாகப் புரிந்துகொண்ட ஒருவனைத் தனுஷ்கோடி அதுவரை சந்தித்ததில்லை.

"ட்ரேடிங்குக்கு லேப்டாப் தாங்காது ஏட்டையா. டெஸ்க்டாப்புதான் போடணும். எங்கிட்ட ஒண்ணு இருக்கு. கொஞ்சம் ஓடுனதுதான், ஆனா சிங்கம்."

சிங்கம் வீட்டுக்கு வந்தது. உறுமவும் செய்தது. அந்த உறுமலில் சீரியல் வசனம் ஒன்றுகூடக் காதில் விழவில்லை என்று வெங்கடேஸ்வரி டிவியைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

ஆனால் சிங்கத்துக்கு ஒரே ஒரு திரை. பங்கின் ஏற்ற இறக்கப் படத்தைப் பார்த்தால் வாங்கும் பொத்தான் மறைந்தது. பொத்தானைப் பார்த்தால் படம் மறைந்தது. போனில் சொன்னதும் ஆல்வின் இன்னும் இரண்டு திரைகளை ஆட்டோவில் கொண்டுவந்து மாட்டி, பணத்தை வாங்கிக்கொண்டு போனான். மறுநாள் வெங்கடேஸ்வரி கிரைண்டரைப் போட்டாள். மூன்று திரைகளும் ஒன்றாக இருண்டன. அதற்காக ஒரு யு.பி.எஸ். வந்தது. கரண்ட் போனால் அது கத்தியது. கரண்ட் வந்தாலும் கத்தியது.

தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக மூன்று திரைகளைப் பார்த்துவிட்டு, ஏட்டையா பெரிய கை என்று முடிவுகட்டினார்கள். எதை வாங்கலாம் என்று வந்து கேட்டார்கள். "செத்த பொறுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அதை அனுபவசாலியின் ஆலோசனையாக எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த அனுபவசாலி அதுவரை ஒரு பங்குகூட வாங்கியதில்லை. கண்ணாடியில் முகம் பார்க்கும்போதெல்லாம் அவருக்கே சிரிப்பு வந்தது.

ஒருவழியாக எல்லாம் கூடிவந்த காலையில், சிங்கமும் அப்டேட்டில் உட்கார்ந்துவிட்டது. மூன்று திரைகளிலும் அதே வட்டம்.

"விண்டோஸே வேண்டாம், லினக்ஸ் போட்டுருவோம்" என்றான் ஆல்வின். "நாம கேக்காம அது ஒண்ணுஞ்செய்யாது ஏட்டையா."

உண்மைதான். கேட்டாலும் அது ஒன்றும் செய்யவில்லை. அவர் கணக்கு வைத்திருந்த புரோக்கரின் மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்பது பிறகுதான் தெரிந்தது. போதாக்குறைக்கு மூன்றாவது திரையில் எழுத்தெல்லாம் படுத்துக்கொண்டது. ஒரு வாரம் தலையைத் தோளில் சாய்த்தபடியே படித்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. வெங்கடேஸ்வரி தைலம் தேய்த்துவிட்டாள். கழுத்தை அல்ல, மூளையைத்தான் தேய்க்க வேண்டும் என்று அவரே சொன்னார்.

பிறகு ஒரே பெட்டியில் விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து குடியேறின. தினமும் காலையில் எது வேண்டும் என்று கேட்டது. இவர் கண்ணாடியைத் தேடி மாட்டி வாசிப்பதற்குள் அதுவே லினக்ஸைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. ஆல்வின் யோசித்துவிட்டு, வெள்ளையாக, சின்னதாக ஒரு மேக் பெட்டியைக் கொண்டுவந்தான். புரோக்கரின் மென்பொருள் அதிலும் ஓடவில்லை. ஆனால் ஓடாததுகூட அதில் பார்க்க அழகாக இருந்தது.

கடைசியில் சிங்கத்துக்கே திரும்பினார்கள். விண்டோஸை மட்டும் வைத்து, அப்டேட் ஞாயிற்றுக்கிழமைதான் வர வேண்டும் என்று ஆல்வின் ஏதோ மாற்றிவைத்தான். முதல் நாளே இதைச் செய்திருக்கலாமே என்று தனுஷ்கோடிக்குப் பட்டது. வாழ்நாளெல்லாம் பிறரைக் குறுக்கு விசாரணை செய்தவருக்கு அந்த ஒரு கேள்வி மட்டும் வாயில் வரவில்லை.

திங்கட்கிழமை சந்தை திறந்தது. வட்டம் இல்லை. யு.பி.எஸ். கத்தவில்லை. மூன்று திரைகளும் பளிச்சென்று நின்றன. அம்புக்குறி வாங்கும் பொத்தானின் மேல் இருந்தது.

விரல் அசையவில்லை.

இத்தனை நாளும் குற்றவாளி என்று கைகாட்ட ஒரு மெஷின் இருந்தது. இனி நஷ்டம் வந்தால் கூண்டில் ஏற தன்னைத் தவிர வேறு ஆள் இல்லை. உள்ளங்கை வியர்த்தது. துப்பாக்கிப் பயிற்சியில்கூட இப்படி வியர்த்ததில்லை.

வெங்கடேஸ்வரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அதான் அம்புட்டும் சரியா இருக்கே. அமுக்க வேண்டியதுதானே?"

"விரலு வரமாட்டேங்கு. ஆல்வினை ஒரு எட்டு பாத்துட்டு வாரேன்."

"விரலுக்கும் அவன்கிட்ட பார்ட்ஸ் இருக்கான்னு கேட்டுட்டு வாங்க" என்றாள் அவள்.

முதல் பங்கை வாங்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும் என்று ஆல்வினிடம் கேட்பதாகத் திட்டம். வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு பை நிறைய மாம்பழம் வாங்கிக்கொண்டார். கடை பூட்டியிருந்தது. அடுத்த கடைக்காரர், வீடு பின்தெருவில்தான் இருக்கிறது என்று வழிகாட்டினார்.

ஆல்வினின் மனைவி கதவைத் திறந்தாள். கணவர் சரக்கெடுக்க மதுரைக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். தனுஷ்கோடி தன் பெயரைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"ராஜபாளையத்து ஏட்டையாவா? உள்ள வாங்க, உக்காருங்க. உங்களுக்காகத்தான் நான் தினமும் ஜெபம் பண்ணுதேன்."

முன்பின் பார்த்திராத பெண் தனக்காக எதற்கு ஜெபம் செய்ய வேண்டும் என்று விளங்காமலே அவர் உள்ளே போனார். அறையில் அதிகச் சாமான் இல்லை. நடுவில் முதுகு உயரமான ஒரு சுழல் நாற்காலி மட்டும் ராஜா மாதிரி நின்றது. அதில் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்ததும் இடுப்பு, கழுத்து, மனசு எல்லாம் ஒரே நேரத்தில் இளகின. இப்படி ஒரு நாற்காலி இல்லாததுதான் குறை, இதில் உட்கார்ந்தால் விரல் தானாகப் பொத்தானுக்குப் போகும் என்று தோன்றியது. இதுபோல ஒன்று எங்கே கிடைக்கும் என்று கூச்சத்தோடு கேட்டார்.

அவள் தண்ணீர் செம்பை நீட்டியபடி கண்கலங்கச் சொன்னாள்:

"இதையும் நீங்களே எடுத்துக்கோங்க ஏட்டையா, அவிய ட்ரேடிங் பண்றேன்னு வாங்கிக் குவிச்சதுல, உங்க வீட்டுக்கு வந்து சேராதது இது ஒண்ணுதான்."