ஆசீர்வாதம் என்று நினைத்து எழுந்து நின்றேன்

முதுநகர், கடலூர்.
செவ்வாய்க்கிழமை, காலை.

அன்பும் மரியாதையும் நிறைந்த லூர்துசாமி மாமா அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் அன்பரசு தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. வலது முழங்கால் நீங்கலாக இங்கே நான் நலம். குமராட்சியில் நீங்களும், வெண்மதி அக்காவும், பிள்ளைகளும், கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறியபோது மச்சுக்குத் தூக்கிப் போட்ட நெல் மூட்டைகளும் நலமாயிருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். போனில் சொல்லாமல் எதுக்குடா கடுதாசி என்று கேட்பீர்கள். போன் என்றால் நீங்கள் பேசுவீர்கள், நான் "சரிங்க மாமா" என்பேன், அதோடு முடிந்துவிடும். நாற்பத்தாறு வயதில் ஒரு தடவையாவது ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்லி முடிக்கலாமே என்று தபாலாபீசுக்குப் போய்க் கவர் வாங்கி வந்தேன்.

விஷயம் இதுதான். வருகிற சனிக்கிழமை சிதம்பரத்துக்குப் பெண் பார்க்க என்னால் வர முடியாது. தையல் டீச்சர் சௌந்தரம் அவர்களைப் பற்றி ஒரு குறையும் சொல்வதற்கில்லை. நீங்கள் கொடுத்தனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். ஒரு தடவைதான் பார்த்தேன் என்று சொன்னால் பொய். ஆனாலும் அதை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஏனென்றால் போன ஞாயிற்றுக்கிழமை மதியம், சுமார் இரண்டே முக்காலுக்கு, சபையார் எல்லார் முன்னிலையிலும், ஆயுசு முழுக்கக் கல்யாணம் செய்துகொள்ளாமல் கர்த்தருக்கென்றே வாழ்வதாக நான் ஒப்புக்கொடுத்துவிட்டேன். தெரிந்து கொடுக்கவில்லை மாமா. தூங்கிக்கொண்டிருந்தேன்.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். எங்கள் சபையில் அன்றைக்கு அசன விருந்து. சபைச் செயலர் என்ற முறையில் பந்தி விசாரிப்பு என் தலையில். விடிகாலையிலிருந்து நின்றபடியே அண்டாவையும் இலைக்கட்டையும் பார்த்துவிட்டு, கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, மிஞ்சிப்போகிறதே என்று ரெண்டு கரண்டி பிரியாணி கூடுதலாகப் போட்டுக்கொண்டேன். அதற்கப்புறம் வெளியூர்ப் பிரசங்கியாரின் சிறப்புக் கூட்டம். நல்ல மனிதர்தான், ஆனால் குரல் தாலாட்டு மாதிரி. நாலாவது வரிசை, மின்விசிறிக்கு நேர் கீழே எனக்கு இடம். "எல்லாரும் கண்களை மூடுங்கள்" என்றார். நான் ஏற்கெனவே மூடியிருந்தேன். அதற்கப்புறம் அவர் என்ன கேட்டார் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. திடீரென்று அவர் குரல் உயர்ந்தது காதில் விழுந்தது. கோயிலில் பிரசங்கம் முடிந்து போதகர் ஐயர் குரலை உயர்த்தினால் என்ன அர்த்தம்? ஆசீர்வாதம். நாற்பது வருஷப் பழக்கம் மாமா, மூளை தூங்கினாலும் கால் தூங்காது. எழுந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். நின்றதோடு விட்டேனா? ஆசீர்வாதத்துக்குப் பிறகு மூணு தடவை ஆமென் பாட வேண்டுமே, அதையும் பாடினேன். கூடப் பாட ஆள் இல்லையே என்று மூன்றாவது ஆமெனில்தான் உறைத்தது.

கண்ணைத் திறந்தால் கோயில் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. நான் ஒருத்தன் நிற்கிறேன். பிரசங்கியார் மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்து என் தலைமேல் ரெண்டு கையையும் வைத்து, "கல்யாணமே வேண்டாம், கர்த்தரே போதும்னு சொல்ல இந்தச் சபையில ஒரு ஆத்துமாவாவது இருக்குதான்னு கேட்டேன். எழுந்துட்டாரு பாருங்க!" என்று அழுதார். எங்கள் ஐயரும் அழுதார். பெண்கள் பக்கத்தில் புஷ்பவள்ளி அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு, "அதான் இத்தினி வருசமா வந்த பொண்ண எல்லாம் தட்டிக் கழிச்சிருக்குது, நமக்குத்தான் தெரியல" என்று சத்தமாகச் சொன்னார்கள். எந்தப் பெண் மாமா வந்தது? நான் எதைத் தட்டிக் கழித்தேன்? ரெண்டு அக்காவுக்கும் கல்யாணம் முடியட்டும் என்றார்கள். முடிந்தது. அம்மா படுக்கையில் விழுந்தார்கள். பதினொரு வருஷம். அவர்களை அடக்கம் பண்ணிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் எனக்கு முன்தலையில் முடி இல்லை. பள்ளிக்கூட லேபில் தவளைக்கு மயக்க மருந்து கொடுக்கிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று நாலு வீட்டில் கேட்டார்கள். இதெல்லாம் அழைப்பு என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

உங்கள் கத்தோலிக்கப் பக்கத்தில் ஒரு சாமியார் கல்யாணமில்லாமல் இருக்க ஏழெட்டு வருஷம் செமினரியில் படிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கம் பாருங்கள், ஒரு கண் அசந்தால் போதும்.

அங்கேயே "ஐயோ, நான் தூங்கிட்டேங்க" என்று சொல்லியிருக்கலாம்தானே என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் எல்லாரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே மாமா, அதற்கு முன்னால் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. இத்தனை வருஷமும் "பாவம்" என்ற ஒரே பார்வைதான். கல்யாண ஓலை வாசிக்கிறவன் நான். பத்தொன்பது வருஷமாக, இன்னாருடைய குமாரனுக்கும் இன்னாருடைய குமாரத்திக்கும் விவாகம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று மூணு மூணு ஞாயிறு வாசித்துவிட்டுக் கீழே இறங்கும்போது முதல் வரிசையில் யாராவது ஒருத்தர் உச்சுக் கொட்டுவார். அன்றைக்கு யாரும் கொட்டவில்லை. பெரிய மனிதர்கள் எழுந்து கைகொடுத்தார்கள். அந்த மரியாதை நெஞ்சுக்கு இதமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். தப்புதான்.

அதிலிருந்து எனக்கு நிம்மதி போச்சு. அன்றைக்குச் சாயங்காலமே வாட்ஸப்பில் என் போட்டோவைப் போட்டார்கள், பின்னால் ஒரு வெள்ளைப் புறாவோடு. வருகிற ஞாயிறு ஆராதனையில் எனக்குப் பிரதிஷ்டை ஜெபமாம், வெள்ளைச் சால்வை போர்த்துகிறார்களாம், ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்தாயிற்று. ஐயர் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து, தனிமை எப்பேர்ப்பட்ட வரம் என்று விளக்கினார். பேசும்போதே அவருக்கு நாலு தடவை போன், ஒவ்வொரு பிள்ளையிடமிருந்தும் ஒன்று. அஞ்சாவதாக ஐயரம்மா கூப்பிட்டு, தோசைக்கல்லைப் போட்டாயிற்று, வரீங்களா இல்லியா என்றார்கள். ஐயர் முருங்கைக்காய், முட்டை ரெண்டையும் குறைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தோசை சாப்பிடப் போய்விட்டார்.

நேற்று எழிலன் வந்தான். எங்கள் வாலிபர் சங்கத் தலைவன், முப்பத்தொரு வயது, இன்னும் ஒன்றும் அமையவில்லை. கதவைச் சாத்திவிட்டு, "அண்ணே, உங்களாண்ட மட்டும்தான் கேக்க முடியும். ஆசைய எப்படி ஜெயிச்சீங்க?" என்றான். அவன் கண்ணில் தண்ணீர். மாமா, பெரியவருக்கு இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், இனி யாரிடம் சொல்லப்போகிறேன்? நான் எதையும் ஜெயிக்கவில்லை. பச்சைத் தண்ணீரில் குளித்தாகிவிட்டது, வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தாகிவிட்டது, போனை ராத்திரியானால் அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடியும் பார்த்தாகிவிட்டது. சிதம்பரம் பஸ்சில் முன் சீட்டில் ஒரு அம்மா தலைக்குக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் புவனகிரி எப்போது போச்சு என்றே எனக்குத் தெரிவதில்லை. பைக்கில் போகிற புருஷன் தோளில் பெஞ்சாதி கை வைத்திருந்தால், அந்தக் கையையே பார்க்கிறேன். அப்புறம் திருவிருந்துக்கு முழங்கால் போடும்போது அதுதான் ஞாபகம் வந்து கூனிக் குறுகிப்போகிறேன். உடம்பு கேட்கிறது மாமா, பொய் சொல்லி என்ன ஆவது? உடம்பு கேட்கிறதையாவது சமாளிக்கலாம். ஜுரம் வந்து மூணு நாள் கிடந்தபோது நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஒரு கை வேணும்னு தோணிச்சே, அதை எந்தப் பச்சைத் தண்ணியில குளிச்சிப் போக்கிறது? இதையெல்லாம் எழிலனிடம் சொல்லியிருந்தால் அவனுக்குத் துணையாவது இருந்திருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எல்லாம் கிருபைதான் தம்பி." அவன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

சபையில் ஒரே ஒரு ஆள்தான் என்னைக் கண்டுபிடித்தது. இருசம்மாள் சிஸ்டர் தெரியும்தானே, மேல்பட்டாம்பாக்கத்தில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர்கள், ஊழியத்துக்கென்று நிஜமாகவே கல்யாணம் வேண்டாம் என்றவர்கள். இன்று காலை மீன் வாங்கும் இடத்தில் சங்கராவைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே, "தூங்கிட்டுத்தான இருந்த?" என்றார்கள். "இல்லீங்க சிஸ்டர்" என்றேன். "நான் பொம்பளைங்க பக்கம் கடைசி வரிசை. தல தொங்குனத பாத்தேன். இத பாரு அன்பரசு, என்னை மூணு பேரு கேட்டாங்க. அதுல ஒருத்தரு எனக்கும் புடிச்சவரு. மூணு நாளு அழுதுட்டு, வேணாம்னு சொன்னேன். இப்பவும் சில நாளு கஷ்டமாத்தான் இருக்குது, காலைல எழுந்து மறுபடியும் வேணாம்னு சொல்லிக்கிறேன். நான் வேணாம்னு சொன்னவ. உன்னைய யாரும் கேக்கவேயில்ல. ரெண்டும் ஒண்ணா?" என்றார்கள். மீன்காரம்மா கத்தியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். நான் அரை கிலோ நெத்திலியை வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

சிஸ்டர் சொன்னது நியாயம்தான். ஆனால் எனக்கு அலுத்துப்போச்சு மாமா. மறுபடியும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு வீட்டில் போய் உட்கார்ந்து, கேசரி தின்று, தவளைக் கேள்விக்குப் பதில் சொல்லி, "யோசிச்சிச் சொல்றோம்" என்பதைக் கேட்டுக்கொண்டு பஸ் ஏறத் தெம்பில்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை, மரியாதையாவது மிஞ்சும். ஆகவே இதுவே என் முடிவு. தயவுசெய்து அக்காவிடம் அழவேண்டாம் என்று சொல்லவும். சௌந்தரம் அவர்களுக்கு நல்ல இடமாக அமைய ஜெபிக்கிறேன். இனி எனக்குப் பெண் பார்க்க வேண்டாம், இது உறுதி.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். அக்காவுக்கு ஸ்தோத்திரம். உங்கள் வயலையும் வாசலையும் வெள்ளத்துக்கும் புயலுக்கும் விலக்கி, உங்கள் முழங்காலையாவது கர்த்தர் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்,
அன்பரசு

பின்குறிப்பு: தபால் பெட்டி வரைக்கும் போய்த் திரும்பி வந்து, ஒட்டிய கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். வழியில் ஒரு போன். சௌந்தரம் அவர்கள்தான். வெண்மதி அக்கா நம்பர் கொடுத்ததாம். "வாட்ஸப்ல போட்டோ பாத்தேங்க. கர்த்தருக்குன்னு குடுத்துட்டீங்களாமே, அப்ப சனிக்கெழம வர மாட்டீங்களா?" என்றார்கள். "கிருபை" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், வரவில்லை. "இல்லீங்க, பிரியாணி சாப்ட்டுட்டுத் தூங்கிட்டேன், ஆசீர்வாதம்னு நெனச்சி எழுந்துட்டேன்" என்றேன். அந்தப் பக்கம் சிரிப்பு. பின்னால் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்ற பிறகும் சிரித்தார்கள். அப்புறம், "தூக்கத்துல கொறட்ட விடுவீங்களா?" என்று கேட்டார்கள். "தெரியலைங்க, சொல்றதுக்கு ஆளில்ல" என்றேன். லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். "சரி, சனிக்கெழம வாங்க, கேசரி கெடயாது, மீன் கொழம்புதான்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

ஆகவே மாமா, மேலே எழுதியதில் முழங்கால் விஷயம் தவிர மற்றதை மறந்துவிடவும். போட்டோவைத் திருப்பி அனுப்பவில்லை, தேட வேண்டாம். கேட்டு அவர்கள் வேண்டாம் என்றாலும் பரவாயில்லை, நான் கேட்டவன் என்றாவது ஆகும். எழிலனுக்குப் போன் செய்து சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஐயர் சால்வையை எடுக்கும்போது சபைக்கு முன்னால் எழுந்து நிற்பேன். இந்தத் தடவை முழித்துக்கொண்டு.