நாளை தண்ணீர் வரும்

"சார், நாளைக்குப் பைப் வேலை இல்லை. அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போட்டாச்சு" என்றார் குடிநீர் இன்ஜினியர், போனில்.

கவுன்சிலர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாயில் நுரையோடு, "என்னது?" என்றார்.

"வால்வு வந்து சேரலை சார். நாளைக்கு எப்பவும் போலத் தண்ணி வரும். நல்ல சேதிதானே?"

"நல்ல சேதிதான்யா. ஆனா நாளைக்குத் தண்ணி வராதுன்னு நேத்தே பேசிக் குடுத்துட்டேனே!"

ஞாயிற்றுக்கிழமைதோறும் வார்டு விவரங்களை மூன்று நிமிடம் பேசிப் பதிவு செய்து, பென் டிரைவில் போட்டு, துப்புரவு சூப்பர்வைசரிடம் கொடுத்துவிடுவது அவர் வழக்கம். திங்கள் முதல் சனி வரை குப்பை வண்டி அதைப் போட்டுக்கொண்டே தெருத்தெருவாகப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. ஐந்து வருடப் பதவியில் உருப்படியாக என்ன செய்தீர்கள் என்று யாராவது கேட்டால், அவருக்கு இதுதான் முதலில் நினைவுக்கு வரும். மற்றதெல்லாம் அரைகுறை. பூங்காவுக்கு வேலி கேட்டார், பெயர்ப்பலகை வந்தது. சாக்கடைக்கு மூடி கேட்டார், ஒரு கமிட்டி வந்து பார்த்துவிட்டுப் போனது.

வாயைக் கொப்பளிக்கும்போதுதான் இன்னொன்று உறைத்தது. 'நாளை காலை' என்று பேசியிருந்தாரே தவிர, தேதி சொல்லவில்லை. ஆக, வண்டி சனிக்கிழமை வரை தினமும் 'நாளை' என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

தேர்தலுக்கு இன்னும் பத்தே நாள். போன தடவை அவர் ஜெயித்தது ஒன்பது ஓட்டில். அதில் நாலு ஓட்டு மாமனார் வீட்டு ஓட்டு.

"வண்டி போயிடுச்சா?" என்று சமையலறையைப் பார்த்துக் கேட்டார்.

"அப்பவே போயிடுச்சே, ஹாரன் கேட்டுச்சு" என்றாள் மனைவி. அவர்கள் சந்து குறுகல். வண்டி உள்ளே வராது. மூலை வீட்டம்மாளிடம்தான் குப்பையைக் கொடுத்து அனுப்புவார்கள்.

"நான் பேசினது கேட்டுச்சா?"

"நீங்க பேசறதை நாள் முழுக்க வீட்டுல கேக்கறேன். அது போதாதுன்னு தெருவுக்கு வேற போய்க் கேக்கணுமா?"

அவரும் ஒரு நாள்கூட மூலை வரை போய்க் கேட்டதில்லை. தன் குரலைத் தானே கேட்க அவருக்குக் கூச்சம். வண்டி வரும் நேரத்தில் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வார்.

டிரைவருக்குப் போன் போட்டார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சூப்பர்வைசரைப் பிடித்தார்.

"குப்பைக் கிடங்குக்குப் போயிருப்பான் சார். அங்கேருந்து நேரா வீட்டுக்குப் போயிடுவான். நாளைக்குக் காலையிலதான் பிடிக்க முடியும்."

சரி, வாட்ஸ்அப் எதற்கு இருக்கிறது? வார்டு குழுவில் தட்டச்சு செய்தார்: 'குப்பை வண்டியில் சொல்வதை யாரும் நம்ப வேண்டாம். நாளை தண்ணீர் வரும். கட்டாயம் வரும்.'

ஐந்து நிமிடத்தில் பதில்கள் குவிந்தன. 'ஏன், என்னாச்சு?' என்று ஒருவர். 'தண்ணீரில் ஏதாவது கலந்துவிட்டதா?' என்று இன்னொருவர். 'வரும் என்று இவர் எப்போது சொல்லியிருக்கிறார்? யோசியுங்கள் மக்களே' என்று மூன்றாமவர். அந்த மூன்றாமவர் முன்னாள் கவுன்சிலரின் மைத்துனர்.

"நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்" என்று செருப்பை மாட்டினார்.

"முட்டி வலிக்குதுன்னு முந்தாநாள்தான் புலம்பினீங்க. இந்தத் தடவை நிக்காதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா?"

நிற்க வேண்டாம் என்றுதான் அவருக்கும் தோன்றியது. ஆனால் தோற்று வெளியே போக மனம் வரவில்லை. ஒரு தடவையாவது கௌரவமாக ஜெயித்துவிட்டு, அப்புறம் படுத்துத் தூங்கலாம் என்று நினைத்தார்.

முதல் வீடு, மாடியில் தையல்காரம்மா வீடு. இருபத்திரண்டு படி. மேலே போய்ச் சேர்ந்தபோது பேச்சு வரவில்லை.

"வண்டியில சொன்னதை நம்பாதீங்கம்மா" என்றார் மூச்சிரைக்க.

தையல்காரம்மா மிஷினை நிறுத்தினார். "என்ன சொன்னாங்க?"

"நாளைக்குத் தண்ணி வராதுன்னு."

"ஐயையோ, வராதா?"

"வரும்னு சொல்லத்தானே வந்தேன்!"

"வர்ற தண்ணிக்கு யாராவது வீடு வீடா வந்து சொல்லுவாங்களா சார்? அஞ்சு வருஷத்துல இந்தப் படியில கால் வெச்சிருக்கீங்களா நீங்க?" என்றவர், உள்ளே திரும்பி, "ஏங்க, எல்லாக் குடத்தையும் எடுங்க!" என்று கத்தினார்.

அடுத்து, ஓய்வுபெற்ற தபால்காரர்.

"நம்ம வாரச் செய்தி கேக்கறீங்கல்ல?"

"வாராவாரம் தவறாம கேக்கறேனே! போன வாரம் பிரமாதம். குரல்ல என்ன ஒரு கம்பீரம்!"

அத்தனை களைப்பிலும் கவுன்சிலருக்கு ஒரு கணம் மனசு குளிர்ந்தது. "இந்த வாரம் மட்டும் தப்பாப் போச்சு. தண்ணி வராதுன்னு சொன்னது..."

"புரிஞ்சுது, புரிஞ்சுது. நாசூக்காச் சொல்றீங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று கண்ணடித்தார் தபால்காரர். கவுன்சிலர் கேட்டைத் தாண்டுவதற்குள் பக்கத்து வீட்டுச் சுவரை எட்டி, "தொட்டியை ரொப்பிக்குங்க, உள் விஷயம் கிடைச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முப்பது வீடு ஏறி இறங்குவதற்குள் கவுன்சிலருக்கு ஒன்று புரிந்தது. அவர் எந்தத் தெருவை விட்டு வெளியே வருகிறாரோ, அந்தத் தெருவில் குழாய்கள் திறக்கின்றன. மத்தியானம் போல, மைக் கட்டிய ஆட்டோ ஒன்றை அமர்த்தி, தானே ஏறி உட்கார்ந்தார்.

"பொதுமக்கள் பதற வேண்டாம்! தண்ணீர் பிடித்து வைக்க எந்த அவசியமும் இல்லை! வதந்திகளை நம்ப வேண்டாம்! மீண்டும் சொல்கிறேன், பதற வேண்டாம்!"

அதுவரை பதறாமல் தூங்கிக்கொண்டிருந்தவர்களும் எழுந்து வந்து பதறினார்கள். குடம், வாளி, குக்கர், குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி என்று எதையும் விடவில்லை. ஒரு வீட்டில் புது ஹெல்மெட்டில்கூடப் பிடித்து வைத்திருந்ததை அவர் தன் கண்ணாலேயே பார்த்தார்.

சாயங்காலம் இன்ஜினியர் கூப்பிட்டார். "உங்க வார்டுல என்ன சார் நடக்குது? டேங்க்ல அடி தெரியுது! நான்தான் தண்ணி வரும்னு சொன்னேனே?"

"நானும் அதைத்தான்யா காலையிலேருந்து சொல்லிட்டிருக்கேன்" என்றார் கவுன்சிலர். தொண்டை கட்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை தண்ணீர் வரவில்லை.

காபி கையில் இருக்கும்போதே சந்து நிரம்பிவிட்டது. நேற்றுப் பிடித்ததையெல்லாம், நிறைய இருக்கிறதே என்று நேற்றே துணி துவைத்து, வாசல் கழுவித் தீர்த்திருந்தார்கள்.

"கட்டாயம் வரும்னீங்களே!"

"பிடிச்சு வைக்க வேண்டாம்னு மைக்ல வேற கத்தினீங்களே!"

"வராதுன்னு தெரிஞ்சே மறைச்சிருக்கார்" என்றார் தபால்காரர், கூட்டத்தின் நடுவிலிருந்து.

அப்போது மெயின் ரோட்டில் ஒரு தண்ணீர் லாரி வந்து நின்றது. அதிலிருந்து முன்னாள் கவுன்சிலர் இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் கையாலேயே குழாயைப் பிடித்துத் தையல்காரம்மாவின் குடத்தை நிரப்பினார். மைத்துனர் அதைப் படம் பிடித்தார். கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் சாய்ந்தது.

கவுன்சிலருக்கு அழுகையே வந்துவிட்டது. ஒன்பது ஓட்டும் போயிற்று, அதோடு இன்னும் தொண்ணூறும் போயிற்று. அப்படியிருந்தும் ஒரு கவலை விடவில்லை. இன்றைக்கும் அந்த வண்டி வந்து 'நாளை தண்ணீர் வராது' என்று சொன்னால், நாளைக்கும் டேங்க் காலியாகும். இந்த முட்டியோடு இன்னொரு முறை படியேற அவரால் முடியாது.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன பதிவால் வந்தது. அதை நிறுத்திவிட்டால் மக்களுக்கும் புரியும்.

மூலைக்கு ஓடினார். ஹாரன் அடித்துக்கொண்டே குப்பை வண்டி திரும்பியது. நடுரோட்டில் போய் நின்று இரண்டு கையையும் விரித்தார். வண்டி கிறீச்சிட்டு நின்றது. லாரியைச் சுற்றி நின்ற கூட்டம் குடங்களோடு திரும்பிப் பார்த்தது.

"அந்தப் பேச்சைப் போடாதேப்பா! உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன். அந்தப் பென் டிரைவை இப்பவே கழட்டு. உன் வண்டியில வந்த பேச்சாலதான் ஊரே இப்படி ரெண்டுபட்டு நிக்குது. எல்லாரும் கேட்கறாப்ல நீயே சொல்லு!"

டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, கவுன்சிலரையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எந்தப் பேச்சு சார்? ஸ்பீக்கர் எரிஞ்சு போய் மூணு மாசமாச்சு. அதுக்கப்புறம் உங்க குரலையே நான் நேத்து ஆட்டோவுலதான் கேட்டேன்!"