திரைக்கு முதுகு காட்டிய பால்கனி சார்

அன்று அந்தத் தியேட்டருக்குள் இருந்தவர்கள்: பால்கனி சார், அவருடைய மனைவி பேச்சியம்மாள், என் அம்மா, நான், வாசலில் பீடி குடித்துக்கொண்டு காவல் காத்த சௌகிதார். இல்லாதவர்கள்: கதாநாயகன், கதாநாயகி, வில்லன், டிக்கெட் கிழிப்பவர், ரசிகர்கள், திரை. ஆம், திரையும் இல்லை. அதை முந்தின நாளே கழற்றிச் சுருட்டிவிட்டார்கள். ஆனாலும் தலைநகரில் இதுவரை நடந்ததிலேயே உன்னதமான காட்சி அதுதான் என்று பால்கனி சார் இன்றும் சொல்கிறார். அவர் சொன்னால் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். டெல்லியில் அவரளவுக்குத் தியேட்டருக்குப் போனவரும் கிடையாது; அவரளவுக்குக் குறைவாகச் சினிமா பார்த்தவரும் கிடையாது.

அவருக்கு வேண்டியது படம் அல்ல, கட்டடம். கன்னாட் பிளேஸின் வெள்ளைத் தூண்களுக்கு நடுவே ஒரு காலத்தில் அரண்மனை மாதிரி தியேட்டர்கள் இருந்தன. வெள்ளைக்காரர்கள் கோட்டும் கவுனுமாக வந்து இறங்கிய தியேட்டர்கள், மேடை நாடகம் போட்டு, மரத்தரையில் டான்ஸ் ஆடி, பிறகு சினிமாவுக்கு மாறிய தியேட்டர்கள். அவற்றின் படிக்கட்டு, கைப்பிடி, கூரைப்பூ, கழிப்பறைக் கண்ணாடி வரைக்கும் அவருக்கு உறவுமுறை. ஆபீசில் அவருடைய உண்மைப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். பஞ்சாபி மேலதிகாரியில் இருந்து டீ கொண்டுவரும் பையா வரை எல்லோருக்கும் அவர் 'பால்கனி சாப்'.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, "தம்பி, படத்துக்குப் போவமா?" என்று கூப்பிட்டார். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். முதலில் தியேட்டர் பால்கனியில் உட்கார்ந்தவனும் அன்றைக்கு நான்தான். காசு கொடுத்திருக்கிறோமே என்று கண் கொட்டாமல் திரையைப் பார்த்தேன். விலாவில் ஒரு இடி விழுந்தது.

"அங்கன என்னத்தப் பாக்க? மேல பாரு!"

"சார், கதாநாயகி அழுவுறாங்க சார்."

"அவ எல்லாப் படத்துலயும்தான் அழுவா. அந்தத் தூணு உச்சியில திராட்சைக் கொலை தொங்குது பாரு. எந்தப் படத்துலயாவது பாத்திருக்கியா?"

தூண் எங்களுக்குப் பின்னால் இருந்தது. ஆகவே பால்கனி சார் சீட்டில் மண்டி போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி, பின்வரிசையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அங்கே புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து, "க்யா தேக் ரஹே ஹோ, அங்கிள்?" என்று, என்ன பார்வை என்கிற தோரணையில் சட்டைக்கையை மடித்தார்.

பால்கனி சாருக்கு டெல்லி வந்து எத்தனை வருஷம் ஆனாலும் இந்தி திருநெல்வேலி வழியாகத்தான் வரும். "ஆப்கா பீவி நஹி! பில்லர்! பில்லர் தேக்தா!" என்று, பார்ப்பது உங்கள் மனைவியை இல்லை, தூணை என்று சொல்வதாக நினைத்து, அந்தப் பெண் இருந்த திசையிலேயே கையை நீட்டினார். தன் மனைவியைத் தூண் என்கிறார் இந்த ஆள் என்று மாப்பிள்ளை எடுத்துக்கொண்டார். மீதிக் கதையை நாங்கள் வெளியே நின்று போஸ்டரில் தெரிந்துகொண்டோம்.

இது ஓடுகிற தியேட்டரில். மூடிய தியேட்டரில் அவர் இன்னும் மோசம். பழைய தியேட்டர் ஒன்று செருப்புக் கடையாக மாறியிருந்தது. பால்கனி சார் உள்ளே நுழைந்ததும், சீட் வரிசைக்குள் மற்றவர் முழங்காலை இடிக்காமல் போவோமே, அந்த மாதிரி இடுப்பை வளைத்துக் குனிந்து, "எக்ஸ்க்யூஸ் மீ, எக்ஸ்க்யூஸ் மீ" என்று வெறும் தரையில் பக்கவாட்டாக நகர்ந்தார். ஏதோ கீழே விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று கடைப்பையனும் குனிந்தான். அவனைப் பார்த்து செருப்பு வாங்க வந்த அம்மாளும் குனிந்தாள். மூன்று பேரும் குனிந்தபடியே கடையின் அந்தக் கோடி வரைக்கும் போனார்கள்.

"க்யா கிரா, சார்?"

"ஒண்ணும் விழல. இதுதான் எஃப் வரிசை. சுத்தி இம்புட்டுப் பேரு உக்காந்திருக்காவ, நிமுந்து நடந்தா மறைக்கும்லா?"

தமிழில்தான் சொன்னார். கடைப்பையன் தலையை ஆட்டி எட்டாம் நம்பர் ஷூவை எடுத்துக் கொடுத்தான்.

ஆனால் இவ்வளவு தியேட்டர் பைத்தியத்தின் வீட்டில் அவருடைய மனைவி மட்டும் எந்தத் தியேட்டர் வாசலையும் மிதிக்க மாட்டார். அது ஏன் என்று கரோல் பாகில் அவர்கள் வீட்டில் தோசை சாப்பிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. சொன்னது பேச்சியம்மாள். சார் சட்னியைப் பார்த்தபடி இருந்தார்.

கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய வாரமே, கன்னாட் பிளேஸில் இருந்த ஒரு பெரிய தியேட்டருக்கு மனைவியைக் கூட்டிப் போயிருக்கிறார். அந்த அம்மாளுக்கு இந்தியில் ஒரு எழுத்துத் தெரியாது. இன்டர்வெல் விட்டார்கள். "இங்கனயே இரு, முறுக்கு வாங்கிட்டு வாரேன்" என்று இவர் எழுந்து போனார். பால்கனிக்கு வெளியே, மாடிப்படி முடியுமிடத்தில் ஒரு குவிமாடம். அன்றைக்குப் பார்த்து அதற்குச் சாரம் கட்டித் தங்கப்பூச்சு பூசிக்கொண்டிருந்தார்கள். இவர் அண்ணாந்து பார்த்தார். பேச்சுக் கொடுத்தார். சாரத்தில் ஏறினார். பூசுகிறவர்களோடு மேலேயே உட்கார்ந்து டீ குடித்தார். அவர்கள் வேலை முடிந்து இறங்கியதும் இவரும் இறங்கி, தினமும் போகிற மாதிரி பஸ் ஏறி கரோல் பாக் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"கதவத் தொறந்தாவளாம். கொடியில என் சேலை காயுதாம். அதப் பாத்தப்பொறவுதான், 'அட, நமக்குக் கல்யாணம் ஆயிட்டுல்லா'ன்னு ஞாபகம் வந்துச்சாம்."

"ஓடியாந்துட்டேன்லா?" என்றார் சார், சட்னியிடம்.

"ஓடியாந்தாவ. அதுக்குள்ள நான் அடுத்த ஆட்டத்துலயும் பாதி பாத்து முடிச்சிருந்தேன். 'இங்கனயே இரு'ன்னு சொல்லிட்டுப் போன மனுசன். நான் எங்க போவேன், தம்பி?"

அன்றிலிருந்து தியேட்டர் என்றால் பேச்சியம்மாளுக்குத் தலைவலி. சார் எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். கல்யாண நாள் என்பார், ஏசி போட்டிருக்கான் என்பார், பக்திப் படம் என்பார். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "நான் ஒரே சீட்டுல ரெண்டு ஆட்டம் பாத்தவ. நீங்க போயிட்டு வாங்க."

போன வருஷக் குளிர்காலத்தில்தான் சேதி வந்தது. அதே தியேட்டரை மூடி, உள்ளே எல்லாவற்றையும் இடித்துவிட்டுச் சின்னச் சின்ன அரங்குகளாகக் கட்டப்போகிறார்களாம். கடைசி ஆட்டத்துக்கு பால்கனி சார் இரண்டு டிக்கெட் வாங்கினார். கைவசம் இருந்த சாக்கு எல்லாம் தீர்ந்துபோய், கடைசியில் உண்மையையே சொல்லியிருக்கிறார்: "ஏட்டி, படம் வேண்டாம். அந்தக் கூரைய மட்டும் ஒருதரம் பாத்திரு. எதுக்காவ உன்ன விட்டுட்டுப் போனேன்னு நீ பாக்கணும்லா? இடிச்சிட்டான்னா எதக் காட்டுவேன்?"

பேச்சியம்மாள் குக்கரை அடுப்பில் ஏற்றினாராம். அதுதான் பதில்.

கடைசி ஆட்டத்தன்று நாங்களெல்லாம் அவர் லீவு போடுவார் என்று நினைத்தோம். அவர் ஆபீசுக்கு வந்தார். வந்தது மட்டுமல்ல, வேலை பார்த்தார். குனிந்த தலை நிமிராமல், வருஷக்கணக்காகத் தூங்கிய ஃபைல்களை எழுப்பிக் குறிப்பு எழுதி அனுப்பினார். மேலதிகாரி பயந்துபோய் என்னிடம் வந்து, "பால்கனி சாப் கி தபியத் டீக் ஹை?" என்று அவர் உடம்பைப் பற்றி விசாரித்தார். சாயந்திரம் பால்கனி சார் அந்த இரண்டு டிக்கெட்டையும் டீ பையாவுக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இதை அன்று வீட்டில் சொன்னேன். எங்கள் வீடு மயூர் விஹாரின் அடுக்குமாடிகளுக்குப் பின்னால், ஜுக்கி என்கிற குடிசை வரிசையில். அம்மா விழுப்புரத்திலிருந்து வந்த நாளாகச் சித்தாள் வேலை பார்ப்பவர். ரொட்டி சுட்டுக்கொண்டே கேட்டார்: "வெள்ளத் தூணு வச்ச தேட்டரா? உள்ள பெரிய மாடிப்படி? அங்கதாண்டா எங்க மேஸ்திரி வேல புடிச்சிருக்கான். நாளைலேர்ந்து சீட்டு கழட்டுறோம்."

மறுநாள் ஆபீசில் இதைச் சொன்னதுதான், அன்று மாலையே பால்கனி சார் எங்கள் வீட்டு வாசலில் குனிந்து நின்றார். கதவு சின்னது, இந்த முறை குனிய நியாயம் இருந்தது. கையில் அரை கிலோ பர்பி.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். திரைக்குப் பின்னால என்ன இருக்கு?"

"எலி சார்."

"எலியா!" அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "பெருசா?"

"பூனைக்குச் சோறு போடுற சைசு. அத வுடுங்க. ஒங்க கூரைய இன்னும் தொடல. கீழ வேல முடிஞ்சிதான் மேல போவாங்க. வீட்டம்மாவ இட்டாந்து காட்டுங்களேன்."

"அவ வரமாட்டா."

"நான் பேசுறேன்."

அம்மா கரோல் பாக் போய்ப் பேச்சியம்மாளிடம் பேசியதற்கு நான் சாட்சி. காபி வந்தது. ஊர் எது, எத்தனை பிள்ளை என்று முடிந்தது. பிறகு அம்மா விஷயத்துக்கு வந்தார்.

"யக்கா, நல்லா கேட்டுக்கோங்க. படம் கெடையாது. படமே இல்லன்னா இன்டர்வெல் எங்கேர்ந்து வரும்? முறுக்கு விக்கிறவன் ஓடிட்டான். சாரமும் இன்னும் கட்டல. இருக்கிறது ஒரே வழி, அதுல நான் குந்தியிருப்பேன். ஒங்க வீட்டுக்காரரு எப்படிப் போறாருன்னு நானும் பாக்கறேன்."

பேச்சியம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார். "சுண்ணாம்புத் தூசி இருக்குமோ?" என்றார்.

"இருக்கும்."

"அப்பம் பழைய சேலைதான் கட்டணும்" என்று பீரோவைத் திறந்தார்.

வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமை போனோம். சௌகிதார் டீக்காசு பேசிக்கொண்டு பக்கக் கதவைத் திறந்துவிட்டான். அம்மா பெயர்த்து வைத்திருந்த பால்கனி சீட்டில் இரண்டை இழுத்து வந்து குவிமாடத்துக்கு நேர் கீழே போட்டுவிட்டு, சொன்னபடியே மாடிப்படியில் வழியை மறித்து உட்கார்ந்துகொண்டார். மேலே சன்னல் வழியாக வந்த வெயிலில் வட்ட வட்டமாகச் சுதைப்பூக்கள். பாதி இடத்தில் தங்கம் உதிர்ந்திருந்தது.

பால்கனி சார் வெட்கத்தோடு மனைவிக்கு ஒரு சீட்டைக் காட்டினார். தான் மற்றதில் உட்கார்ந்து, "அந்தா பாரு, அந்த மூணாவது வட்டத்துல..." என்று அண்ணாந்து சாய்ந்தார். தரையிலிருந்து கழற்றிய சீட்டுக்கு போல்ட்டு ஏது? சீட்டும் சாரும் ஒன்றாகப் பின்னால் சரிந்து, தூசி கிளம்ப மல்லாக்க விழுந்தார்கள்.

"ஐயையோ!" என்று நாங்கள் ஓடினோம். அவர் எழுந்திருக்கவில்லை. காலை சீட்டின் மேலேயே வைத்துக்கொண்டு, "ஏட்டி, இங்கனருந்துதான் சரியாத் தெரியுது!" என்றார்.

பேச்சியம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தும் முடியவில்லை. சிரித்து ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருக்குப் பக்கத்தில் தரையிலேயே அமர்ந்து அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பால்கனி சார் கூரையைக்கூடப் பார்க்கவில்லை, அந்த அம்மாளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்காவத்தான் என்னைய மறந்தியளா?"

"ஆமா."

"நானா இருந்தாலும் மறந்திருப்பேன்" என்றார் பேச்சியம்மாள்.

சௌகிதாரின் டீக்காசு, வெளியே வந்து நால்வரும் சாப்பிட்ட ஜிலேபி, கரோல் பாகுக்கு அவர்கள் இருவரும் மட்டும் ஏறிப்போன ஆட்டோ எல்லாம் சேர்த்து அன்றைய செலவைப் பேச்சியம்மாளே கொடுத்தார், சாரைச் சட்டைப்பையில் கை வைக்கவும் விடவில்லை: நானூற்று இருபது ரூபாய்.