நாலு துண்டு ஜப்பான்

திருவையாற்று வட்டாரத்தின் உணவு வரலாற்றை இனி இரண்டாகத்தான் பிரிக்க வேண்டும்: இராஜாங்கம் குச்சியில் கறி கோத்ததற்கு முன், கோத்ததற்குப் பின்.

முன்பு இங்கே நிலவியது காட்டுமிராண்டித்தனம். நடவு முடிகிற அன்று வயல்காரர் ஆடு அடித்து, நட்ட பெண்களுக்குக் கறிச்சோறு போடுவார். அவர்களும் வரப்பில் உட்கார்ந்து மறுசோறு வாங்கித் தின்பார்கள். இதில் கலை இல்லை, அழகு இல்லை. வெறுமனே வயிறு நிறையும்.

நடவுக்கு ஆள் கூட்டி வரும் செபஸ்தியம்மாள் அந்த இருண்ட காலத்தவள். இராஜாங்கத்தின் வயலில் நடவு மெஷின் சக்கரம் புதைய நின்றுவிட்டதால் அவர் இவளைத் தேடி வந்தார். அந்தச் சேற்றில் இறங்க எவளும் ஒப்பவில்லை. "முடியிற அன்னிக்குக் கறிச்சோறு. என் பேச்சை நம்பி வாங்கடி" என்று இழுத்து வந்திருந்தாள். சோறு வராவிட்டால் அடுத்த போகத்துக்கு அவள் பின்னால் ஒருத்தியும் வரமாட்டாள்.

கடைசி நாள், ஒரு மா அளவு வயல் மிச்சம் இருக்கும்போதே இராஜாங்கம் கைதட்டினார். படமெடுக்க வெளிச்சம் தோதாக இருந்ததாம். வரப்பில் பதாகை: "உழவர் உணவு நவீனமயமாக்கல் விழா".

"கை கழுவிட்டு வாங்க. இன்னிக்கு ஜப்பான் சாப்பாடு!"

"ஆட்டுக்கறின்னு சொன்னீங்களே அய்யா?" என்றாள் செபஸ்தியம்மாள்.

"அது எப்பவும் திங்கிறதுதானே. இது யாகிடோரி, குச்சியில கோத்துச் சுட்ட கோழி. சாஸ் நானே கையால காய்ச்சினது."

ஜப்பானைக் கைப்பேசியில் நேருக்கு நேர் பார்த்தவர் அவர். சோயா சாஸில் அச்சு வெல்லம் தட்டிப் போட்டு, இஞ்சி பூண்டு நசுக்கி, அந்நாட்டு அரிசி மதுவுக்குப் பதிலாகப் பன்னீர் சோடா ஊற்றி, காலையிலிருந்து கிண்டியிருந்தார். செங்கல் அடுக்கி, கம்பி வலை போட்டு, கோழித் துண்டுகளைத் தணலில் வாட்டி, சாஸில் முக்கி, மறுபடி வாட்டினார். வாசனை வாய்க்காலைத் தாண்டிப் போயிற்று. பொய் சொல்லக்கூடாது, ருசியாகவே இருந்தது.

ஆளுக்கு ஒரு குச்சி. குச்சிக்கு நாலு துண்டு. ஒவ்வொன்றும் சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிது.

கறிச்சோற்றுக்கு இடம் வேண்டுமென்று காலைக் கஞ்சியைக்கூடக் குடிக்காமல் வந்த இளையவள் வானதி, நாலையும் ஒரே இழுப்பில் உருவிவிட்டுக் குச்சியைத் திருப்பிப் பார்த்தாள்.

"சோறு எப்பங்க வரும்?"

"சோறா?" இராஜாங்கம் மனம் புண்பட்டார். "சோறு போட்டா சாஸோட ருசி கெட்டுப்போயிடும்மா."

நெல் வயலின் நடுவே நின்று இதைச் சொல்ல எவ்வளவு பெரிய மனம் வேண்டும்!

"இன்னொரு குச்சியாவது..."

"ஜப்பான்காரங்க அளவாத்தான் சாப்பிடுவாங்க. அதான் நூறு வயசு இருக்காங்க."

"நூறு வயசு வரைக்கும் நாத்து நடணுமாக்கும்" என்ற வானதி, செபஸ்தியம்மாள் பக்கம் திரும்பினாள். "யக்கா, நீ சொன்ன கறிச்சோறு பல்லுல மாட்டிக்கிச்சு. இந்தக் குச்சியாலயே குத்தி எடுத்துக்கிறேன்."

பெண்கள் சிரித்தார்கள். செபஸ்தியம்மாள் சிரிக்கவில்லை. சேலையை வரிந்து செருகினாள்.

"எந்திரிங்கடி. மிச்ச வயலையும் ஜப்பான் ஆக்கிடுவோம்."

இராஜாங்கம் படங்களை உலகுக்கு அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது, பெண்கள் வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். வயலில் நாற்று நாலு நாலு குத்தாக, குச்சியில் கோத்ததுபோல நேர்கோட்டில் நின்றது. மற்ற இடமெல்லாம் வெறும் தண்ணீர் பளபளத்தது. பறித்த நாற்று கட்டுக் கட்டாக வரப்பில் வாடிக்கொண்டிருந்தது.

"என்ன இது? வயல் காலியா கிடக்கு!"

"ஜப்பான் நடவுங்க அய்யா" என்றாள் செபஸ்தியம்மாள். "ஆளுக்கு நாலு குத்து. மேல நட்டா மண்ணோட ருசி கெட்டுப்போயிடும்."

"நாத்து காயுதே!"

"வயிறும்தான் காயுது. உலை வைங்க, நடுறோம்."

பொழுது சாய்வதற்குள் ஆடும் வந்தது, சோறும் வெந்தது, வயலும் நிறைந்தது. வானதி மறுசோற்றில் அந்தச் சாஸையும் ஊற்றிப் பிசைந்தாள்.

இதில் ஜப்பானியரைக் குறை சொல்ல எதுவுமில்லை. சாஸ் மட்டும்தான் அவர்களுடையது. சேற்றில் நின்றவளுக்கு அளந்து போட்ட கை, அசல் தஞ்சாவூர்ச் சரக்கு.